துசேன் லூவெர்த்யூர்: சின்னத்திரையின் நாயகனும் வரலாற்றின் மனிதனும்

2012 பிப்ரவரியில் பிரான்சின் பொதுத் தொலைக்காட்சி அலைவரிசையான பிரான்ஸ் 2, ஹைட்டியப் புரட்சியின் தலைவர் துசேன் லூவெர்த்யூரின் வாழ்க்கையை இரு பகுதிகளாக ஒளிபரப்பியது. ஃபிலிப் நியாங் இயக்கிய அப்படத்தில் ஹைட்டியில் பிறந்த நடிகர் ஜிம்மி ழான்-லூயி துசேனாக நடித்தார். கறுப்பின அடிமைகள் தாமே போராடித் தம் விலங்குகளை உடைத்த ஒரு புரட்சி, அவர்களை அடிமைகளாக வைத்திருந்த நாட்டின் வீடுகளுக்குள்ளேயே காட்சியாக நுழைந்தது சிறிய செய்தியன்று. அதற்கு முன்னர் பல முயற்சிகள் கைகூடாமல் போயிருந்தன. சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைன் 1930களில் ஹைட்டியப் புரட்சியைப் படமாக்க விரும்பினார், இயலவில்லை. அமெரிக்க நடிகர் டேனி குளோவர் துசேனின் கதையைப் படமாக்கப் பல்லாண்டுகள் முதலீடு தேடினார். கதையில் வெள்ளையின நாயகர்கள் எங்கே என்று முதலீட்டாளர்கள் தம்மிடம் கேட்டதாக அவர் 2008இல் வெளிப்படையாகச் சொன்னார்.

ஆகவே அந்தத் தொலைக்காட்சிப் படம் வெளிவந்ததை நாம் வரவேற்கவே வேண்டும். எனினும் அது எழுப்பும் கேள்வியைத் தவிர்க்க இயலாது. புரட்சியைப் பொழுதுபோக்காக மாற்றும்போது எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது? பெயர்கள், உடைகள், தேதிகள் ஆகியவற்றில் நேரும் பிழைகளை நாம் இங்கே பெரிதாகக் கருதவில்லை. யார் போராடினார்கள், யாருக்கு எதிராகப் போராடினார்கள், வென்ற பின் யாருக்கு என்ன கிடைத்தது என்பவையே வரலாற்றின் உயிர்நிலை. துசேனின் வாழ்க்கையை ஆவணங்களின் வழியே பின்தொடர்ந்தால், நாடகத்துக்கு எது வசதியோ அதுவே பல இடங்களில் வரலாற்றுக்குக் கேடாக முடிவதைக் காணலாம்.

தோட்டமும் சட்டமும்

துசேன் 1743ஆம் ஆண்டையொட்டி, பிரெஞ்சுக் காலனியாக இருந்த சான் தொமிங்கில் பிறந்தார். இன்றைய ஹைட்டி அதுவே. காப் பிரான்சே நகருக்கு அருகிலிருந்த ப்ரெதா கரும்புத் தோட்டமே அவர் பிறந்த இடம். பெற்றோர் மேற்கு ஆப்பிரிக்காவின் அலாடா பகுதியிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்கள். மெலிந்த உடல்வாகு கொண்ட அச்சிறுவனைக் குச்சி என்னும் பொருள்படக் கேலிப் பெயரிட்டு அழைத்தனர். கால்நடைகளைப் பேணுவதிலும் குதிரைகளைப் பழக்குவதிலும் மூலிகை மருத்துவத்திலும் தேர்ந்து, பின்னர்த் தோட்ட மேலாளர் பயோன் த லிபெர்தாவின் வண்டியோட்டியானார்.

1780களின் இறுதியில் அந்தச் சிறிய காலனியில் ஏறத்தாழ 5 லட்சம் பேர் அடிமைகளாக இருந்தனர். வெள்ளையர் 30 ஆயிரத்தைச் சற்றே கடந்தவர்கள். சட்டப்படி விடுதலை பெற்ற கறுப்பரும் கலப்பினத்தவரும் அவர்களைவிடச் சற்றுக் குறைவு. ஐரோப்பா பருகிய காப்பியில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் சென்றது. சர்க்கரையிலும் பெரும்பங்கு இந்த மண்ணின் விளைச்சலே. உழைத்து மடிந்தவர்களின் இடத்தை நிரப்ப ஆண்டுதோறும் ஆப்பிரிக்காவிலிருந்து பல்லாயிரம் பேர் கொண்டுவரப்பட்டனர். புரட்சி வெடித்தபோது அடிமைகளில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில் பிறந்தவர்களாக இருந்ததன் காரணம் இதுவே. அவர்கள் சுதந்திரத்தை நூல்களில் படித்து அறிந்தவர்கள் அல்லர். சுதந்திர மனிதர்களாக வாழ்ந்தவர்கள்.

இந்த அமைப்பு சட்டத்துக்குப் புறம்பாக நடந்த ஒன்று என நினைப்பது தவறு. 1685இல் பதினான்காம் லூயி மன்னர் பிறப்பித்த கறுப்பர் சட்டம் அடிமையை அசையும் சொத்தாக வரையறுத்தது. தப்பியோடினால் காதை அறுக்கவும், மீண்டும் ஓடினால் கால் நரம்பைத் துண்டிக்கவும், மூன்றாம் முறை கொல்லவும் அது விதி வகுத்தது. அதே சட்டம் எசமானன் அடிமையைச் சித்திரவதை செய்வதைத் தடையும் செய்தது. அத்தடை நடைமுறையில் எவ்வளவு செல்லுபடியானது என்பதற்கு 1788ஆம் ஆண்டின் ஒரு வழக்கே போதும்.

நிக்கோலா லெழேன் என்னும் காப்பித் தோட்ட முதலாளி, தன் அடிமைகள் நஞ்சு வைப்பதாகச் சந்தேகித்துச் சிலரைக் கொன்றான். இரு பெண்களைத் தீயால் சுட்டுச் சங்கிலியில் பிணைத்தான். அவனுடைய அடிமைகளில் 14 பேர் துணிந்து நகருக்குச் சென்று நீதித்துறையிடம் முறையிட்டனர். விசாரணைக்குச் சென்ற அதிகாரிகள் அப்பெண்களைச் சங்கிலியிலேயே கண்டனர். காயங்களைப் பதிவு செய்தனர். சில நாட்களில் இருவரும் இறந்தனர். அதற்குமேல் என்ன சான்று வேண்டும்? ஆனால் தோட்ட முதலாளிகள் அணிதிரண்டனர். முறையிட்ட அடிமைகளைத்தான் தண்டிக்க வேண்டும் என மனுக்கள் குவிந்தன. லெழேன் விடுவிக்கப்பட்டான். வன்கொடுமை வழக்குகளை நடத்தியவர்களுக்கு இந்த வழக்கின் போக்கு புதிதாகத் தோன்றாது. பிறழாத சாட்சிகளும் நேரில் கண்ட ஆதாரமும் இருந்தும், ஊரின் அமைதி என்னும் பெயரால் குற்றவாளி வீடு திரும்புகிறான்.

மூன்றே ஆண்டுகளில் நாடே ஏன் தீப்பற்றி எரிந்தது என்பதை விளக்க இந்த ஒரு வழக்கைக் காட்சியாக்கியிருந்தால் போதும். ஆனால் தொலைக்காட்சிப் படத்தை ஆராய்ந்த அமெரிக்க வரலாற்றாளர் அலிசா செபின்வால் முன்வைத்த முதன்மையான குற்றச்சாட்டே, அடிமைத்தனத்தின் கொடூரத்தை அப்படம் மிகவும் மென்மையாக்கிக் காட்டிவிட்டது என்பதுதான். காரணம் ஊகிக்கக் கூடியதே. குடும்பமாக அமர்ந்து பார்க்கும் நேரத்தில் சங்கிலியும் தீக்காயமும் பார்வையாளரை விரட்டிவிடும். ஆனால் கொடூரத்தை மறைத்தால் கிளர்ச்சி காரணமற்ற வெறியாகிவிடும். ஒடுக்குமுறையின் அளவைக் குறைத்துக் காட்டுவோர், எதிர்ப்பின் நியாயத்தையும் சேர்த்தே குறைக்கின்றனர்.

1776இன் ஆவணம்

மேடையிலும் பாடநூல்களிலும் நெடுங்காலம் நிலவிய கதையில், துசேன் ஏறத்தாழ ஐம்பது வயது வரை அடிமையாக இருந்து, புரட்சியின் அழைப்பைக் கேட்டு எழுந்தவர். 1938இல் கறுப்பு ஜாகோபின்கள் என்னும் மாபெரும் நூலை எழுதிய டிரினிடாடின் சி.எல்.ஆர். ஜேம்ஸும் அவ்வாறே எழுதினார். அவர் எழுதியபோது உண்மையைக் காட்டும் ஆவணங்கள் வெளிவந்திருக்கவில்லை. 1977இல் கபிரியேல் தெபியென் உள்ளிட்ட ஆய்வாளர்கள் வெளியிட்ட சான்றுகள் வேறொன்றைக் கூறின. 1776ஆம் ஆண்டுக்குள் துசேன் விடுதலை பெற்ற கறுப்பராக இருந்தார். அவருக்குச் சொந்தமாக ஓர் அடிமை இருந்து, பின்னர் விடுவிக்கப்பட்டார். 1779இல் துசேன் தம் மருமகனிடமிருந்து ஒரு காப்பித் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தார். குத்தகைப் பத்திரத்தில் நிலத்தோடு சேர்த்து 13 அடிமைகளும் இருந்தனர். சுசானை மணப்பதற்கு முன் அவருக்குச் செசில் என்னும் மனைவி இருந்ததையும் அண்மைய ஆய்வுகள் உறுதி செய்துள்ளன.

இந்தச் செய்தி பலருக்குக் கசப்பானது. அடிமை விடுதலையின் மாவீரன் ஒரு காலத்தில் அடிமைகளின் உழைப்பில் பயன்பெற்றவர் என்பதை எந்தத் தயாரிப்பாளர் விரும்பிக் காட்டுவார்? ஆனால் கசப்பை விழுங்கினால்தான் அமைப்பின் தன்மை விளங்கும். அடிமைமுறை என்பது சில கொடிய மனிதர்களின் செயல் மட்டுமன்று. தப்பித்து மேலேறியவரும் பிறர் தோளில் கால் வைத்தே ஏற வேண்டும் என்னும் ஏற்பாடு அது. படிநிலைச் சமத்துவமின்மை என அம்பேத்கர் சாதியமைப்பை விளக்கியதை அறிந்த நமக்கு இது வியப்பளிக்கத் தேவையில்லை. மேலும், தம் நிலையைக் காத்துக்கொண்டு ஒதுங்கியிருக்கக் கூடிய வசதியும் வயதும் கொண்ட ஒருவர், அனைத்தையும் பணயம் வைத்துக் கிளர்ச்சியில் இறங்கினார் என்பது அவரைச் சிறுமைப்படுத்தவில்லை. அவர் எடுத்த முடிவின் எடையை அதுதான் காட்டுகிறது.

காட்டில் தொடங்கிய புரட்சி

துசேன் பற்றிய கதைகளில் திரும்பத் திரும்ப வரும் காட்சி ஒன்றுண்டு. பிரெஞ்சு எழுத்தாளர் ரெய்னாலின் நூலை அவர் தனிமையில் வாசிக்கிறார். அடிமைகளை மீட்கக் கறுப்புத் தலைவன் ஒருவன் எழுவான் என அதில் கண்டு, அத்தலைவன் தாமே என உணர்கிறார். நாடகத்துக்கு இதைவிடச் சிறந்த தொடக்கம் கிடைக்காது. ஆனால் புரட்சி வாசிப்பறையில் தொடங்கவில்லை.

1758இல் தலைமறைவுக் கிளர்ச்சியாளர் மக்கண்டல் காப் பிரான்சேயில் உயிரோடு எரிக்கப்பட்டார். அதன் பின்னரும் மலைகளுக்குத் தப்பியோடுவோர் குறையவில்லை. 1790இல் விடுதலை பெற்ற கலப்பினத்தவரின் உரிமைக்காக வேன்சன் ஓழே கிளர்ந்தெழுந்தார். 1791 பிப்ரவரியில் சக்கரத்தில் கட்டி எலும்புகள் முறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் வடபகுதித் தோட்டங்களின் பிரதிநிதிகள் இரவில் கூடித் திட்டமிட்டனர். பூக்மன் தலைமையிலான புவா கைமான் சடங்கு இன்றும் ஹைட்டிய மக்களின் நினைவில் வாழ்கிறது. ஆகஸ்ட் 22 இரவு கிளர்ச்சி தொடங்கியது. சில வாரங்களில் நூற்றுக்கணக்கான தோட்டங்கள் சாம்பலாயின. பூக்மன் அவ்வாண்டு நவம்பரில் கொல்லப்பட்டார். ழான் பிரான்சுவா, பியாசு ஆகியோர் தலைமையேற்றனர்.

இந்தத் தொடக்கத்தில் துசேன் முன்வரிசையில் இல்லை. அவர் சில மாதங்களுக்குப் பின்னரே கிளர்ச்சியாளர் முகாமில் வெளிப்படையாக இணைந்தார். மருத்துவராகவும் பியாசுவின் உதவியாளராகவும் பணியாற்றினார். 1791 டிசம்பரில் கிளர்ச்சித் தலைவர்கள் காலனி ஆட்சியாளர்களுடன் பேச்சு நடத்தினர். சில நூறு தலைவர்களுக்கு மட்டும் விடுதலை தந்தால் மற்றவர்களைத் தோட்டங்களுக்குத் திருப்பி அனுப்புவதாகவும் முன்வந்தனர். பின்னர் அந்த எண்ணிக்கையையும் குறைத்துக்கொண்டனர். அப்பேச்சில் துசேனுக்கும் பங்குண்டு. முதலாளிகளின் ஆணவம் அதையும் நிராகரித்தது. தோட்டங்களுக்குத் திரும்புவதைக் கிளர்ச்சியாளர்களின் பெருந்திரளும் ஏற்கத் தயாராக இல்லை. அனைவருக்குமான விடுதலை என்னும் கோரிக்கை தலைவர்களிடமிருந்து மக்களுக்கு இறங்கியதன்று. மக்கள் தலைவர்களைத் தள்ளிச் சென்று சேர்த்த இடம் அது.

தொலைக்காட்சி நாடகம் ஒரு முகத்தைத் தேடுகிறது. பெயரற்ற பல்லாயிரம் பேரை அதனால் பின்னணிக் கூட்டமாக மட்டுமே காட்ட முடிகிறது. நாயகன் முடிவெடுக்கிறான், கூட்டம் பின்தொடர்கிறது. உண்மையில் நிகழ்ந்தது பெரும்பாலும் இதன் தலைகீழ்.

சட்டம் வந்த வழி

1793இல் துசேன், பிரான்சுடன் போரிட்ட ஸ்பெயினின் பக்கம் நின்று படை நடத்தினார். சிதறிய கிளர்ச்சியாளர்களை ஒழுங்குபெற்ற படையாக்கியது அவரது தனித்திறன். அவ்வாண்டு ஆகஸ்ட் 29இல், பிரெஞ்சுக் குடியரசின் ஆணையர் சோந்தொனாக்ஸ் வடமாகாண அடிமைகளுக்கு விடுதலை அறிவித்தார். பிரிட்டனும் ஸ்பெயினும் நெருக்க, கறுப்பரின் ஆதரவின்றிக் காலனியைக் காக்க முடியாது என்னும் நிலையில் வந்த அறிவிப்பு அது. அதே நாளில் துசேனும் சுதந்திரத்துக்கும் சமத்துவத்துக்கும் போராடுவதாக ஓர் அறிக்கை விடுத்து, திறப்பு என்னும் பொருள்படும் லூவெர்த்யூர் என்ற பெயரில் கையொப்பமிட்டார்.

1794 பிப்ரவரி 4இல் பாரிசில் கூடிய தேசியப் பேரவை எல்லாப் பிரெஞ்சுக் காலனிகளிலும் அடிமைமுறையை ஒழித்தது. ஒரு காலத்தில் அடிமையாக இருந்த ழான்-பப்திஸ்த் பெல்லே சான் தொமிங்கின் பிரதிநிதியாக அந்த அவையில் அமர்ந்திருந்தார். இந்நிகழ்வைப் பிரான்சின் பெருந்தன்மையாகக் காட்டுவது எளிது. பிரெஞ்சுப் பார்வையாளருக்கு அது இனிக்கவும் செய்யும். ஆனால் பாரிசின் சட்டம், தீவில் ஏற்கெனவே நிகழ்ந்துவிட்டதைப் பின்னிருந்து ஒப்புக்கொண்ட சட்டம். எரிந்த தோட்டங்களே அதன் முதல் வரைவு. சட்டம் பயின்ற நாம் இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். உரிமைகள் சட்டப்புத்தகத்தில் ஏறும் நாளைக் கொண்டாடுவோர், அவை எந்தத் தெருவிலிருந்து ஏறின என்பதை மறந்துவிடக்கூடாது.

1794 மே மாதவாக்கில் துசேன் பிரெஞ்சுக் குடியரசின் பக்கம் திரும்பினார். அடுத்த நான்கு ஆண்டுகளில் ஸ்பானியரை விரட்டினார். 1798இல் பிரிட்டிஷ் படை தீவைவிட்டு வெளியேறியது. 1796இல் ஆளுநர் லவோவைச் சிறைப்பிடித்த எதிரணியினரிடமிருந்து மீட்டு, துணை ஆளுநரானார். பாரிசிலிருந்து வந்த அதிகாரிகளை ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்பினார்; விடுதலை அறிவித்த சோந்தொனாக்ஸும் அதற்கு விலக்கல்ல. தெற்கே கலப்பினத்தவர் தலைவர் ரிகோவுடன் 1799 முதல் 1800 வரை கடும் உள்நாட்டுப் போர் நடந்தது. வெற்றிக்குப் பின் தெசாலின் தலைமையில் நடந்த பழிவாங்கலில் எத்தனை பேர் மாண்டனர் என்பதில் வரலாற்றாளர்களிடையே இன்றும் உடன்பாடில்லை. 1801 ஜனவரியில் தீவின் ஸ்பானியப் பகுதியும் அவர் வசமாகி, முழுத்தீவும் ஒரே ஆட்சியின்கீழ் வந்தது.

விடுதலைக்குப் பின் வந்த கேள்வி

துசேனின் வாழ்க்கையில் மிகக் கடினமான பகுதியும், நாம் மிகக் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதியும் இதுவே.

போரினால் பாழான நாட்டில் ஏற்றுமதி இல்லையேல் ஆயுதமும் உணவும் இல்லை. ஆயுதம் இல்லையேல் அடிமைமுறை திரும்பிவிடும் என அவர் கருதினார். 1800 அக்டோபரில் வெளியிட்ட ஒழுங்குமுறை ஆணை, உழவர்கள் தத்தம் தோட்டங்களைவிட்டு நீங்கக்கூடாது எனக் கட்டுப்படுத்தியது. படைவீரருக்குரிய கட்டுப்பாடு தோட்டத் தொழிலாளருக்கும் விதிக்கப்பட்டது. விளைச்சலில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலியாக உண்டு. யாரும் அவர்களை விற்க முடியாது. ஆனால் சிறு துண்டு நிலத்தில் தமக்கென்று பயிரிட்டு வாழும் அவர்களின் கனவுக்கு அங்கே இடமில்லை. தப்பியோடிய வெள்ளை முதலாளிகளைத் துசேன் திரும்ப அழைத்தார். அவருடைய தளபதிகளும் பெருந்தோட்டங்களின் அதிபர்களாயினர்.

1801 ஜூலையில் வெளியான அரசியலமைப்பு இந்த முரண்பாட்டை அப்படியே ஏந்தி நிற்கிறது. அடிமைமுறை இம்மண்ணில் என்றென்றைக்கும் ஒழிக்கப்பட்டது என்றும், நிறத்தின் காரணமாக யாருக்கும் எப்பணியும் மறுக்கப்படாது என்றும் அது அறிவித்தது. உலகச் சட்ட வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்கத் தக்க விதிகள் அவை. அதே ஆவணம் துசேனை வாழ்நாள் ஆளுநராக்கியது. வெளியிலிருந்து உழவர்களைக் கொண்டுவர வழிவகுத்தது. தோட்டக் கட்டுப்பாட்டை நிலைநிறுத்தியது. அச்சிட்டு முடித்த பின்னரே அது பிரான்சுக்கு ஒப்புதலுக்காக அனுப்பப்பட்டது. அதை எடுத்துச் சென்ற அதிகாரி வேன்சன் முன்கூட்டியே எச்சரித்தும் துசேன் செவிசாய்க்கவில்லை.

அவ்வாண்டு அக்டோபரில் வடபகுதி உழவர்கள் மீண்டும் கிளர்ந்தெழுந்தனர். சில நூறு வெள்ளையர் கொல்லப்பட்டனர். அவர்களுக்கு ஆதரவானவர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டவர், துசேன் தம் மருமகனாகவே பாவித்த தளபதி மொயீஸ். தன் மக்களைச் சாட்டையால் வேலை வாங்க மறுத்தவர் என அவருக்குப் பெயருண்டு. நவம்பரில் துசேனின் ஆணைப்படி அவர் சுட்டுக்கொல்லப்பட்டார்.

மொயீஸைத் துரோகியாகவோ துசேனைக் கொடுங்கோலராகவோ காட்டிவிட்டால் நாடகம் எளிதாக முடிந்துவிடும். வரலாறு அவ்வளவு எளிய தீர்ப்பை அனுமதிப்பதில்லை. அடிமைமுறை திரும்பும் என்ற துசேனின் அச்சம் கற்பனையன்று. அடுத்த ஆண்டே அது மெய்யாயிற்று. மொயீஸும் உழவர்களும் எழுப்பிய கேள்வியும் பொய்யன்று. நிலமும் உழைப்பின் மீதான உரிமையும் இல்லாத விடுதலை யாருக்கான விடுதலை? ஜேம்ஸ் தம் நூலில் துசேனின் பெருந்தவறாகக் கண்டது, தம் மக்களிடம் எதையும் விளக்காமல் அவர்களிடமிருந்து விலகிப்போனதைத்தான். துசேனை நேசித்து எழுதப்பட்ட நூல் அது. நேசிப்பதற்கும் விமர்சிப்பதற்கும் இடையே பகையில்லை என்பதற்கு அந்நூலே சான்று.

ஜூ கோட்டை

1802 தொடக்கத்தில் நெப்போலியன் போனபார்ட்டின் மைத்துனர் லெக்லேர் தலைமையில் பெரும்படை வந்திறங்கியது. தளபதி கிறிஸ்தோஃப் காப் நகரைத் தாமே எரித்துவிட்டு மலையேறினார். கிரெத்-அ-பியேரோ கோட்டையில் தெசாலினின் வீரர்கள் பிரெஞ்சுப் படைக்குப் பேரிழப்பை ஏற்படுத்தினர். எனினும் தளபதிகள் ஒவ்வொருவராகப் பிரெஞ்சுப் பக்கம் சாய, மே மாதம் துசேனும் உடன்பாட்டுக்கு வந்து தம் தோட்டத்துக்கு ஒதுங்கினார். ஜூன் 7இல் பேச்சுக்கு அழைத்த பிரெஞ்சுத் தளபதி புருனே அவரை வஞ்சகமாகக் கைது செய்தார். குடும்பத்தோடு கப்பலேற்றப்பட்டு, பிரான்சில் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டு, ஆகஸ்டில் ஜூரா மலைப்பகுதியின் ஜூ கோட்டையில் அடைக்கப்பட்டார்.

அவர்மீது குற்றப்பத்திரிகை இல்லை; விசாரணை இல்லை; தீர்ப்பும் இல்லை. செப்டம்பரில் நெப்போலியனின் உதவித்தளபதி கஃபரெல்லி பலமுறை வந்து, புதைத்து வைத்த செல்வம் எங்கே எனத் துருவினார். துசேன் அவரிடம் ஒரு நீண்ட நினைவுரையை ஒப்படைத்தார். எழுத்தரிடம் சொல்லி எழுதியும், தம் கையாலேயே ஒலிப்பின்படி பிரெஞ்சில் எழுதியும் அவர் ஆக்கிய ஆவணம் அது. தம் நடவடிக்கைகளை நாள்வாரியாக விளக்கி, லெக்லேரின் அத்துமீறல்களை அடுக்கி, தம்மை முறையான நீதிமன்றத்தின் முன் நிறுத்துமாறு அதில் அவர் கோரினார். தம் நிறமே தம் குற்றமாகிவிட்டதோ என்னும் வேதனையும் அதில் ஒலிக்கிறது. பதில் வரவில்லை. விறகும் உணவும் குறைக்கப்பட்டன. 1803 ஏப்ரல் 7இல் கணப்பருகே நாற்காலியில் அமர்ந்தபடி இறந்து கிடந்தார். அவரது எச்சங்கள் பின்னர்த் தொலைந்துபோயின. சுசான் 1816இல் அழான் நகரில் நாடு திரும்பாமலேயே இறந்தார்.

தொலைக்காட்சிப் படம் இந்தச் சிறையைத்தான் தன் கதைச்சட்டகமாகக் கொண்டது. ஆனால் கஃபரெல்லியின் இடத்தில் பாஸ்கியே என்னும் இளம் அதிகாரி வருகிறார். அவரது கேள்விகளுக்கு விடையாகவே துசேனின் வாழ்க்கை விரிகிறது. கதை சொல்ல இது வசதியான உத்தி. பார்வையாளர் அந்த இளைஞனின் நாற்காலியில் அமர்ந்துகொள்ளலாம். ஆனால் இந்த உத்தியில் மறைந்துபோவது எது? யாரும் கேட்காமலே தாமே எழுதி, தம்மைச் சட்டத்தின் முன் நிறுத்துமாறு அரசுத் தலைவனை நோக்கி வழக்காடிய ஒரு மனிதர். மனுதாரர் கதைசொல்லியாகிவிடுகிறார், நீதிக் கோரிக்கை உரையாடலாகக் கரைந்துவிடுகிறது. வெள்ளை அதிகாரி கேட்டால்தான் கறுப்பர் பேச முடியும் என்றாகிவிடுகிறது. உடையில் நேர்ந்த நூறு பிழைகளைவிட இந்த ஒரு மாற்றம் ஆழமானது என்பதே நம் நிலைப்பாடு.

எதை அனுமதிக்கலாம்?

கலைக்குச் சுதந்திரம் வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக்கருத்தில்லை. ஜேம்ஸ் தம் வரலாற்று நூலுக்கு இரண்டாண்டுகள் முன்னரே, 1936இல், துசேன் பற்றிய நாடகத்தை லண்டனில் அரங்கேற்றினார். பால் ராப்சன் துசேனாக நடித்தார். ஏகாதிபத்தியத்தின் தலைநகரில் ஒரு கறுப்பர் எழுத, ஒரு கறுப்பர் நடித்த அந்நாடகமும் காலத்தைச் சுருக்கியது, உரையாடல்களைப் படைத்தது. அதில் தவறில்லை. பத்து ஆண்டுகளை ஒரு காட்சியில் அடக்கலாம். இரு தூதர்களை ஒருவராக்கலாம். பதிவாகாத பேச்சை ஊகித்து எழுதலாம்.

ஆனால் செயலின் உரிமையாளரை மாற்றக்கூடாது. மக்கள் செய்ததை நாயகன் செய்ததாகவும், கிளர்ச்சி பறித்ததை ஆட்சி வழங்கியதாகவும் காட்டுவது சுருக்கமன்று, திரிபு. அதுபோலவே, நாயகனின் முரண்பாட்டை அழிப்பதும் அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. அழிக்கப்படுவது முரண்பாடு மட்டுமன்று, அதன் மறுமுனையில் நின்ற உழவர்களும் மொயீஸும் சேர்ந்தே அழிகின்றனர்.

இந்தக் கேள்வி கடல்கடந்த ஒன்று எனக் கடந்துவிட முடியாது. 1873இல் அடிமைத்தனம் என்னும் பொருள்படும் குலாம்கிரி நூலை வெளியிட்ட ஜோதிராவ் ஃபுலே, அதை அமெரிக்காவில் கறுப்பரின் அடிமைத்தளையை ஒழிக்கப் பாடுபட்டோருக்குக் காணிக்கையாக்கினார். கறுப்பின மக்களின் விடுதலைப் போராட்டத்தை நம் போராட்டத்தின் உறவாகக் காணும் மரபு அன்றே தொடங்கிவிட்டது. இன்று நம் தலைவர்களின் வாழ்க்கையும் தொலைக்காட்சித் தொடர்களாகிறது. அவற்றை நன்றியோடு பார்க்கும் அதே கண்களால் ஐயத்தோடும் பார்க்க வேண்டும்.

துசேன் இறந்த பின்னரும் புரட்சி தொடர்ந்தது. 1802இல் குவாதலூப் தீவில் அடிமைமுறை திரும்பியதை அறிந்த மக்கள், தளபதிகள் இன்னும் பிரெஞ்சுச் சீருடையில் இருந்தபோதே, மலைகளில் சிறு குழுக்களாகப் போரைத் தொடர்ந்தனர். தளபதிகள் அவர்களிடம் பின்னர்தான் வந்து சேர்ந்தனர். 1803 நவம்பர் 18இல் வெர்த்தியேர் போரில் பிரெஞ்சுப் படை வீழ்ந்தது. 1804 ஜனவரி 1இல் தெசாலின் ஹைட்டியின் விடுதலையை அறிவித்தார். 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை நிறுத்தி, அங்கீகாரத்துக்கு விலையாக 15 கோடி பிராங்க் கேட்டது. பின்னர் அது 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. இழந்த சொத்துக்காக, அதாவது விடுதலை பெற்ற மனிதர்களுக்காகவும், அடிமை முதலாளிகளுக்கு இழப்பீடு! அதன் கடன்சுமை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அந்த ஏழை நாட்டை அழுத்தியது. 1998இல் பாரிசின் பாந்தியோனில் துசேனின் பெயர் பொறிக்கப்பட்டது. வாங்கிய பணம் திருப்பித் தரப்படவில்லை.

கல்லூரி வாசிப்பு வட்டங்களில் அந்தப் படத்தைத் திரையிடலாம், திரையிட வேண்டும். அருகிலேயே 1800 அக்டோபர் ஆணையையும், 1801 அரசியலமைப்பையும், ஜூ கோட்டையில் எழுதப்பட்ட நினைவுரையையும் வைத்துக்கொள்வோம். படம் முடிந்து விளக்கேற்றியதும், இக்கதையில் லெழேனுக்கு எதிராக முறையிட்ட அந்த 14 பேர் எங்கே, மொயீஸின் பின்னால் நின்ற உழவர்கள் எங்கே என்று கேட்டு விவாதத்தைத் தொடங்கலாம்.